இரண்டு கைகளுக்கும் ஒரே வரி

இந்த ஆண்டு மேலைத்தேய இசை ஆசிரியர்களாக நியமனம் பெற்று எங்கள் மாவட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். சிலருக்கு மாத்தளை நகரத்துப் பாடசாலை, ஒருவருக்குப் பல்லேகம. வில்கமுவ கிடைத்தவரின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு தூரம் போகிற பஸ்ஸை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். போகிற இடத்தில் பியானோ இருக்குமா என்ற கவலையும் இருக்கும். பெரும்பாலும் இருக்காது. ஒரு சின்னக் கீபோர்ட் இருந்து, அதன் எல்லாக் கட்டைகளும் வேலை செய்தால் சந்தோஷப்படுங்கள்.

பாடத்திட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது உங்கள் கையிலேயே இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதருக்குப் பியானோ நோட்ஸ், அதாவது சுரங்களைக் கோடுகளில் எழுதிய தாளை, படிக்கச் சொல்லிக்கொடுத்த கதையை மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒரு நோட்ஸ் தாள் ஏன் அப்படி அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்று நின்று யோசிக்க வைத்தவர் இவர்தான்.

அவர் பெயர் சவரிமுத்து. மாத்தளைச் சந்தைக்குப் பின்னால் ஒரு மிளகாய் மில்லில் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். நகரத்துக்கு வெளியே தேயிலைத் தோட்டமொன்றில் வீடு. அந்தத் தோட்டத்துச் சின்னக் கோவிலில், மாதா கோவில், ஞாயிறு பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பவர் அவர்தான். நோட்ஸ் தெரியாது. யாராவது பாடிக் காட்டினால் போதும், அப்படியே வாசித்துவிடுவார். வலது கையில் மெட்டு, இடது கையில் அதற்குப் பொருத்தமாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், கோர்ட். எல்லாம் காதுதான்.

ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தும்மல் வரவழைக்கும் மிளகாய் வாசம் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

"டீச்சர், எனக்கு நோட்ஸ் பாக்கச் சொல்லித் தரணும்," என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. "காதால இனி ஏலாதுங்க. கண்ணால பழகிக்கணும்."

பல ஆண்டு மில் சத்தத்தில் அவருடைய காது போய்க்கொண்டிருந்தது. கண்டியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, கேட்கும் சக்தி இனிக் கூடப்போவதில்லை, குறையத்தான் செய்யும் என்று சொல்லியிருந்தார். காதில் வைக்கும் மெஷின் கொடுத்திருந்தார்கள். அதில் பேச்சு கேட்டது. பாட்டு மட்டும் கோணலாகக் கேட்டது; ஒரு சுரம் இரண்டு சுரம் போல ஒலித்ததாம். கோவிலில் தப்பான கோர்ட் விழ ஆரம்பித்தது. பாடகர் குழுவை நடத்தும் ரீட்டா, அவருக்குத் தங்கை முறை, எதுவும் சொல்லாமல் சமாளித்துப் பார்த்தாள். கடைசியில் பங்குத்தந்தையே கூப்பிட்டுப் பேசினார்.

"பாதர் நல்ல மனுஷன் டீச்சர். கோவிச்சுக்கல. திருவிழா வரைக்கும் வாசிங்க, அப்பறம் போன்ல பாட்டைப் போட்டுப் பாடிக்கலாம், நீங்களும் ஓய்வா இருங்கன்னாரு." கதவு நிலையில் கை ஊன்றினார். "எனக்கு என்னத்துக்குங்க ஓய்வு?"

திருவிழாவுக்குச் சில மாதங்கள் இருந்தன. ஏற்கனவே இரண்டு கைகளாலும் வாசிக்கிறவர், சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்று நம்பினேன். அவர் எந்தெந்தச் சுரம் எந்தக் கோட்டில் நிற்கும் என்பதை வீட்டில் படித்துக்கொண்டு வந்தார். நான் ஒரு சின்னப் பாட்டை, இரண்டு கைகளுக்கும் எழுதியதை, பியானோவில் வைத்தேன். அவர் கேள்விப்பட்டிராத பாட்டு. காதின் உதவி வேண்டாம் என்றுதான் அப்படித் தேர்ந்தேன்.

வலது கையால் மேல் வரியைத் தட்டுத்தடுமாறி முடித்தார். பிறகு வலது கையை மடியில் வைத்துவிட்டு, அடுத்த வரியை இடது கையால் மட்டும் வாசித்தார். அதன் பிறகு மூன்றாவது வரி, மறுபடியும் வலது கை. இடது கை மடியில். பக்கத்தின் அடிவரை இப்படியே போனார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பாட்டு நல்லா இல்ல. ஒரு வரியில மெட்டு வருது. அடுத்த வரியில மெட்டையே காணோம், சும்மா பூம் பூம்னு போகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தாளைப் பார்த்தேன். அவர் செய்தது எவ்வளவு நியாயமான காரியம் என்று அப்போது விளங்கியது. பைபிளை எப்படிப் படிக்கிறோம்? பாட்டுப் புத்தகத்தை எப்படிப் படிக்கிறோம்? ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு இறங்குகிறோம். அவரும் அதைத்தான் செய்தார். மேல் வரியும் கீழ் வரியும் சேர்ந்து ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று அந்தத் தாள் ஒரு வளைந்த அடைப்புக்குறியால் மட்டும் சொல்கிறது. இடது ஓரத்தில், சின்னதாக. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஆகவே அதைச் சொல்லித்தர வேண்டும் என்றும் நமக்குத் தோன்றுவதில்லை.

மேசையிலிருந்து கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து, தாளின் மேல் செங்குத்தாக நிறுத்தினேன். மேல் வரியின் முதல் சுரத்தையும் கீழ் வரியின் முதல் சுரத்தையும் அது ஒன்றாகத் தொட்டது.

"அடிமட்டம் தொடுறதெல்லாம் ஒரே நேரத்துல," என்றேன். "ரெண்டு கையும் சேர்ந்து."

அடிமட்டத்தை வலப்பக்கம் மெல்ல நகர்த்தினேன். சில இடங்களில் இரண்டு சுரங்களைத் தொட்டது. சில இடங்களில் மேலே மட்டும் தொட்டது. அப்போது இடது கை அமுக்கியபடியே காத்திருந்தது. அவர் அடிமட்டத்தோடு சேர்ந்து வாசித்தார். நாலைந்து இடம் போனதும் கையை எடுத்துவிட்டார்.

"அப்ப இது ரெண்டு வரி இல்லீங்களே! ஒரே வரி. ஒசரமான வரி."

அடுத்த வாரம் வந்ததும் இன்னொரு கேள்வி கேட்டார். "மேலயும் அஞ்சு கோடு, கீழயும் அஞ்சு கோடு. பாக்க ஒரே மாதிரிதான் இருக்குது. மேல அடிக்கோடு ஈ சுரம். கீழ அடிக்கோடு மட்டும் எப்பிடிங்க ஜீ ஆகும்?"

இதை நம்மிடம் கேட்கிற பிள்ளைகளுக்குக் கீழ் வரியின் தொடக்கத்தில் இருக்கும் குறியைக் காட்டி "அது பேஸ் கிளெஃப்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சவரிமுத்துவிடம் அது எடுபடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பதினொரு கோடுகளை நெருக்கமாக வரைந்து காட்டினேன். நடுவில் இருக்கும் ஆறாவது கோட்டை எண்ணிப் பார்த்துப் பென்சிலால் அழுத்தச் சொன்னேன். பியானோவின் நடுவில் இருக்கும் சி சுரத்தின் கட்டையை, நடு சியை, அமுக்கினேன்.

"இந்தக் கோடுதான் இந்தக் கட்டை. கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே ஏணி. ஆனா பதினொரு படியும் ஒண்ணாப் போட்டா எது எந்தப் படின்னு கண்ணு தடுமாறிடும். அதனால நடுப்படியை எடுத்துட்டு, மேல் அஞ்சையும் கீழ் அஞ்சையும் கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க. நடு சி வேணும்கிறப்போ மட்டும் அந்தப் படியில ஒரு துண்டு போட்டுக்குவாங்க."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலால் அடியிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு கோடாக ஏறினார். பிறகு திருப்தியோடு தலையாட்டினார். அதற்குப் பிறகு கீழ் ஐந்து கோட்டில் அவர் குழம்பியதே இல்லை.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்திருந்த சமயத்தில்தான் பிரச்சினை வந்தது. வீட்டில் இருந்த தன் கீபோர்டில் எல்லாக் கட்டைகளிலும் கலர் ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார். ரீட்டா சொல்லிக்கொடுத்த யோசனை. அந்தக் கீபோர்டை என்னிடம் காட்டுவதற்கு முச்சக்கரவண்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். வாசித்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் தாளைப் பார்த்தார், குனிந்து ஸ்டிக்கரைத் தேடினார், நிமிர்ந்தபோது தாளில் எந்த இடத்தில் இருந்தோம் என்பதைத் தொலைத்தார். காது நன்றாக இருப்பவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. மெட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். அவருக்கு இழுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை. கண் தாளை விட்டு விலகினால் பாட்டே அறுந்துவிடும்.

ஸ்டிக்கரைக் கழற்றிவிடுங்கள் என்றேன். திருவிழா வரட்டும், அப்புறம் கழற்றுகிறேன் என்றார். இப்போதே கழற்றினால்தான் திருவிழாவுக்கு வாசிக்க முடியும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்குக் காது கேக்குது டீச்சர். அதனால லேசாச் சொல்லிட்டீங்க," என்று எழுந்தார். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு சில வாரங்கள் வரவில்லை. ஃபோன் செய்து பயனில்லை. அவருக்கு ஃபோனில் ஒன்றும் புரியாது. ஸ்டிக்கரோடு வாசிக்கட்டுமே, பாவம் என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அப்படி விட்டால் திருவிழாவன்று என்ன நடக்கும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மில்லுக்கே போனேன்.

உள்ளே நுழைந்ததும் காதும் மூக்கும் ஒன்றாக அடைத்துக்கொண்டன. யாரும் யாரோடும் பேசவில்லை, கையால் ஜாடை காட்டினார்கள். சவரிமுத்து மெஷினுக்குள் மிளகாய் விழுகிற வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கைகள் இடுப்புக்குக் கீழே ஒரு மூட்டையின் வாயைச் சுருட்டி, சணலைச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. முடித்ததும் அடுத்த மூட்டை.

என்னைக் கண்டதும் திடுக்கிட்டு வெளியே அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், எல்லாம் மிளகாய்தான்.

"மூட்டை கட்டுறப்போ நீங்க ஏன் கையைப் பாக்கல?" என்று கேட்டேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாகக் கேட்டேன்.

"கையைப் பாத்தா மெஷினை எவன் பாக்குறது? வாய் அடைச்சுக்கிட்டா எல்லாம் நாசம்." சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார். "கைக்கு வழி தெரியுமுங்க," என்று முணுமுணுத்தார்.

"கீபோர்ட்லயும் தெரியும். இத்தனை வருஷம் வாசிச்சிருக்கீங்க. ரெண்டு கறுப்புக் கட்டைக்கு இடது பக்கம் சி. மூணு கறுப்புக் கட்டைக்கு இடது பக்கம் எஃப். விரலால தடவிப் பாருங்க, கண்ணு வேணாம்."

அடுத்த வாரம் வந்தார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடங்களில் பசை மட்டும் பிசுபிசுத்தது.

திருவிழா நெருங்கியபோது இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னேன். காதால் வாசிப்பவர்கள் எல்லாரையும் போல அவரும் எந்தப் பாட்டையும் சி சுரத்தை அடிப்படையாக வைத்துத்தான் வாசிப்பார். பாடகர்களுக்கு அந்த உயரம் ஒத்துவரவில்லை என்றால், கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கொள்வார். இனி அந்தப் பட்டனைத் தொடாதீர்கள், தாளில் இருப்பதே சரியான உயரம் என்றேன். அடுத்தது, வாசிக்கும்போது தாளை விட்டுக் கண்ணை எடுக்கலாம், ஆனால் ஒரு வரி முடிகிற இடத்தில் மட்டும், பாடுகிறவர்களின் முகத்தைப் பார்க்க மட்டும் என்றேன்.

திருவிழாவன்று நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் சைவ சமயத்துக்காரி, எப்போது எழுவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். கோவில் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். காலையிலேயே வேறொரு தோட்டத்துப் பாடகர் குழு வந்து ஒரு பூசைக்குப் பாடிவிட்டுப் போயிருந்தது. அதே கீபோர்டில்தான் அவர்களும் வாசித்திருந்தார்கள்.

சவரிமுத்து உட்கார்ந்தார். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். சத்தமான இடத்தில் அது விசிலடிக்கும். தாளைச் சரிசெய்து வாசிக்கத் தொடங்கினார்.

முதல் சுரத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாட்டு இருக்க வேண்டிய உயரத்தைவிட எங்கேயோ மேலே ஒலித்தது. முன்னே வாசித்தவர்கள் அந்தப் பட்டனை ஏற்றிவைத்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். சவரிமுத்துவின் விரல்களில் ஒரு பிழையும் இல்லை. அவர் சரியான கட்டைகளைத்தான் அமுக்கினார். அவருக்கு மட்டும் தெரியவில்லை. ரீட்டா ஒரு கணம் தயங்கி, அந்த உயரத்திலேயே பாடத் தொடங்கினாள். குழு பின்தொடர்ந்தது. முதல் வரியை எப்படியோ பாடிவிட்டார்கள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். மூன்றாவது வரியில் அது உச்சிக்கு ஏறும். அங்கே எல்லாக் குரலும் உடையப்போகிறது.

பாதி எழுந்துவிட்டேன். நாலு எட்டில் போய் அந்தப் பட்டனைத் தட்டிவிடலாம். ஆனால் அப்படிப் போனால், இவருக்குக் காதே கேட்கவில்லை என்று கோவில் முழுவதுக்கும் நானே அறிவித்ததாகிவிடும். போகாமல் இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் குரல்கள் அதையே அறிவிக்கும். என்ன செய்வது? ஒரு வரி வாசிக்கும் நேரம்தான் எனக்கு இருந்தது. வரி முடிகிற இடத்தில் பாடுகிறவர்களின் முகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தது எனக்கு நினைவிருக்கிறதே, அது அவருக்கும் நினைவிருக்கும் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன்.

இரண்டாவது வரி முடிகிற இடத்தில் சவரிமுத்து தலையை நிமிர்த்தினார். ரீட்டாவின் தாடை மேலே தூக்கியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் கண் திரும்பத் தாளுக்குப் போனது. இடது ஓரத்தில் மூன்றாவது வரியின் ஆரம்பத்துக்குப் போகாமல் அந்த வரியின் நடுவில், சுரங்கள் ஏணியில் ஏறி நிற்கும் இடத்தில், போய் நின்றது. அதை நான் பார்த்தேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது வரியின் கடைசிக் கோர்டை அப்படியே பிடித்துக்கொண்டார். மெல்ல விட்டார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அமைதி. வலது கை மேலே போய்ப் பட்டனைத் தட்டிச் சுருதியை இறக்கியது, கட்டைக்குத் திரும்பியது. முதல் வரியைப் பாட்டில்லாமல், நிதானமாக, சரியான உயரத்தில் வாசித்தார். வாசித்து முடித்து ரீட்டாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். இந்தத் தடவை சுகமாகப் பாடினாள். மூன்றாவது வரியில் கோவிலே சேர்ந்து பாடியது.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை அவர் தோளில் கை வைத்தார். "ரெண்டு தடவை ஆரம்பிச்சது நல்லா இருந்திச்சு அண்ணே. யாரு யோசனை?"

சவரிமுத்து மெஷினைக் காதில் பொருத்திக்கொண்டு, "தாள்ல இருந்திச்சு பாதர்," என்றார்.

அது ஒருவகையில் உண்மை. காது நடந்துகொண்டிருப்பதைத்தான் சொல்லும். தாள் வரப்போவதையும் முன்னாலேயே காட்டிவிடும். உங்கள் மாணவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கலாம், காது பழுதில்லாதவர்களாக இருக்கலாம். இருந்தாலும் முதல் நாளே அந்தத் தாளை முழுவதும் காட்டுங்கள். மேலே போனால் குரல் ஏறும், வலப்பக்கம் போனால் நேரம் ஓடும், செங்குத்தாக நிற்பதெல்லாம் ஒன்றாகப் பேசும். கோட்டுப் பெயர்களைப் பிறகு படிக்கட்டும். அவர்கள் மேடையில் தடுமாறும்போது உங்களுக்கு எழுந்து ஓடத் தோன்றும். சில தடவை ஓடத்தான் வேண்டும். ஓடுவதற்கு முன்பு, அவர்களுக்கு என்ன கொடுத்து அனுப்பினீர்கள் என்று மட்டும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

போன மாதம் கண்டிக்குப் போகிற பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். காது கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது காது இன்னும் மோசமாகிவிட்டது என்றார். கோவிலில் இப்போதும் அவர்தான் வாசிக்கிறார். ஃபோனில் பாட்டுப் போடும் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. பஸ்ஸில் ஸ்பீக்கர் அலறியது, எனக்குத் தலை வலித்தது. அவர் மெஷினைக் கழற்றிவிட்டு, ரீட்டா எங்கிருந்தோ அச்செடுத்துக் கொடுத்திருந்த ஒரு புதிய நோட்ஸ் தாளை மடியில் விரித்துப் படித்துக்கொண்டு வந்தார். விரல் தாளின் மேல் மெல்ல நகர்ந்தது. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்று ஜாடையில் கேட்டேன்.

தாளை என் பக்கம் நீட்டி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க டீச்சர். மெட்டு முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம்னு நினைக்கிறோம். இடது கை மட்டும் சொல்லாம கொள்ளாம பக்கத்து வீட்டுக்குள்ள போயிருது."

வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பாட்டு முடிய வேண்டிய கோர்டை விட்டு இடது கை வேறொரு கோர்டில் போய் நின்றது, கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள். அந்தப் பாட்டை அவர் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.